தனித்தந்தையும் குழிப்பந்தாட்டமும்

மக்கள் வாழ்க்கைக்கு உழைப்பு எத்துணை இன்றியமையாததோ, விளையாட்டும் அத்துணை இன்றியமையாததாம். விளையாட்டென்பது சிறார்க்கே உரியதென்றும், பொறுப்பேற்ற ஆடவர்க்கு அது பழுதென்றும் கருதுவாரும் உளர். ஆயின், உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைத்து மெய்ப்பாட்டியலிற் கூறினரேயன்றி, அஃது இன்ன வயதினர்க்கே உரியதென வரையறுத்தாரல்லர். அவ்வாசிரியரே புறத்திணையியலில், மனையாளை இழந்த கணவனது நிலையைத் 'தபுதாரநிலை' எனப் பெயரிட்டுக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக அமைத்தனர். முன்னையது உவகை, பின்னையது அவலம். இவ்விரண்டும் ஒருவன்மாட்டே வந்து கூடின், அவன் கையில் இளமகவும் இருந்து, பையில் பொருளும் சுருங்கியிருப்பின், அவன் விளையாடுதல் தகுமோ? தகுமாயின் எவ்வளவிற்றாகத் தகும்? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாக யாம் கொண்டது கோல்ப் என வழங்கும் குழிப்பந்தாட்டம். ஆட்டங்களுட் பெரும்பொருளும் நெடுநேரமும் வேண்டுவனவற்றுள் இஃது ஒன்று. இத்தகைய ஆட்டத்தையே ஒரு தனித்தந்தை அளவறிந்து மேற்கொள்ளுதல் கூடுமெனின், ஏனைய எளிய ஆட்டங்களைப் பற்றி ஐயுற வேண்டுவதில்லை. ஆட்டத்தின் பெயரில் நம் 'கோல்' என்னும் சொல்லின் ஓசை கேட்கப்படுதலின், இரண்டும் ஓரினமெனக் கருதற்க. அடிக்குங் கோலைக் குறிக்கும் பழைய ஒல்லாந்தச் சொல்லொன்றினின்று அது வந்ததென்பர். ஒலி ஒப்புமை ஒன்றே கொண்டு உறவு கூறுதல் மொழிநூலார்க்கு உடன்பாடன்று.

இவ்வாட்டத்தை அறியாதார்க்கு அதன் இயல்பைச் சுருங்கச் சொல்லுவாம். நம் ஊர்ச் சிறுவர் கோலிக்குண்டைக் குழியில் வீழ்த்துமாறு போலவே, இதன்கண்ணும் சிறு பந்தொன்றைக் குழியில் வீழ்த்துதலே முடிவு. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டரிற் குறைதலாகாது, எடை 45.93 கிராமின் மிகுதலாகாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஓரிடத்தினின்று பந்தைக் கோலால் அடித்து, புல்வெளி, மணற்பள்ளம், நீர்நிலை முதலியவற்றைக் கடந்து, மிகக் குறைந்த அடிகளாற் குழியிற் சேர்ப்பவனே வல்லோன். முழு ஆட்டத்திற்குக் குழிகள் 18. அவற்றை நடந்து முடிப்பதற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் செல்லும். நடக்குந் தொலைவும் ஆறேழு கிலோமீட்டருக்குக் குறையாது. மாற்றாரை அடித்து வீழ்த்துதலோ, ஓடிக் களைத்தலோ இதன்கண் இல்லை. தன் மனத்தையும் தன் கையையும் ஒருநிலைப்படுத்துதலே வேண்டுவது. ஆதலின், துயரால் அலைப்புண்ட உள்ளத்திற்கு இது நல்ல மருந்தெனக் கூறுவார் கூற்றைப் புறக்கணித்தல் இயலாது.

இனி, இவ்வாட்டத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். ஸ்காத்லாந்து நாட்டில் இதனைக் குறித்து நமக்குக் கிடைக்கும் முதற்சான்று ஒரு தடையாணையே. 1457 ஆம் ஆண்டில், இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்துப் பேரவையார், குடிமக்கள் வில்வித்தை பயிலாது பந்தாட்டங்களிற் பொழுது போக்குகின்றனரெனக் கண்டு, கோல்ப் ஆட்டத்தை விலக்கினர். நாடு காக்கும் கடமை முன்னிற்க விளையாட்டுப் பின்னிற்க வேண்டுமென்பது அவர் கருத்து. பின்னர் 1502 இல் இங்கிலாந்தோடு உடன்படிக்கை ஏற்பட்ட காலையில், நான்காம் ஜேம்ஸ் மன்னன் தானே பெர்த் நகரத்து வில்செய்வோன் ஒருவனிடத்தினின்றும் ஆட்டக்கோல்களை வாங்கினன் என அரண்மனைக் கணக்குகள் கூறுகின்றன. கடமை நிறைவேறிய வழி விளையாட்டிற்கு இடமுண்டு என்பதனை இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

கடமையும் விளையாட்டும் மாறுபட்ட பொழுது விளையுந் துன்பத்திற்கும் அவ்வரலாறே சான்று தருகின்றது. செயின்ட் ஆன்ட்ரூஸ் என்னும் ஊரினராகிய இளைய தாம் மாரிஸ் என்பார், 1868 முதல் 1872 வரை நிகழ்ந்த 'ஓப்பன்' போட்டிகளில் தொடர்ந்து நான்கு முறை வென்ற இளஞ்சிங்கம் போல்வார். 1871 இல் அப்போட்டி நடைபெறவில்லை. 1875 ஆம் ஆண்டு செப்தம்பர்த் திங்களில், அவர் தம் தந்தையாருடன் வடபெர்விக் என்னும் ஊரில் ஒரு பந்தயம் ஆடிக்கொண்டிருந்தனர். அப்பொழுது மனைவியார் பேறுகாலத்தில் இடருறுவதாகத் தந்தி வந்தது. கடலிடைப் படகேறி விரைந்தும், தாயும் மகவும் இறந்த செய்தியே அவரை எதிர்கொண்டது. அவ்வாண்டு கிறிஸ்து பிறந்த நாளன்றே, 24 வயதில், அவரும் உயிர்நீத்தனர். அவர்தம் தந்தையாராகிய மூத்த தாம் மாரிஸ், அடுத்த ஆண்டில் மனையாளையும், பின்னர் ஏனை மக்களையும் ஒருவர்பின் ஒருவராக இழந்து, 1908 வரை வாழ்ந்தனர். ஆட்டக்களத்தைப் பேணுந் தொழிலையும் நெடுங்காலம் விடாது செய்தனர். மைந்தர் ஆடச் சென்றது பிழையென்று யாம் கூறேம், விதி வலிது. ஆயினும், ஆட்டக்களத்தில் நிற்பானொருவனுக்கு மனையினின்று செய்தி எட்டுதல் எத்துணை இன்றியமையாதது என்பதை இதனினும் விளங்கக் காட்டுவது பிறிதில்லை.

நம் நாட்டிற்கு இவ்வாட்டம் ஆங்கிலேயரோடு வந்தது. 1829 இல் கல்கத்தாவிலும், 1876 இல் பெங்களூரிலும், 1895 இல் கோடைக்கானலிலும் இதற்கெனக் கழகங்கள் தோன்றின. சென்னைக் கிண்டியிலும், உதகமண்டலத்தும், வெலிங்டனிலும் ஆட்டக்களங்கள் அமைந்தன. பிறந்த நாட்டில் இது பொதுமக்கள் ஆட்டம். செயின்ட் ஆன்ட்ரூஸின் பழைய களம் இன்றும் பொதுநிலமே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டு ஊரார் உலாவும் வெளியாக அது விளங்குகின்றது. நம் நாட்டிலோ படைத்தலைவர்க்கும் அலுவலர்க்கும் உரிய கழகங்களுள் அடைபட்டமையின், செல்வர் ஆட்டமெனப் பெயர் பெற்றது. ஏழையர் அதனுட் புகுந்தது பெரும்பாலும் கோற்பை சுமப்போராகவே. அவ்வாறு புகுந்து புகழுற்றாரும் உளர். தில்லிக் களத்தில் கோற்பை சுமந்த அலி ஷேர் என்பார் 1991 இலும் 1993 இலும் இந்திய ஓப்பன் போட்டியில் வென்றனர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து இந்திய மரபினராகிய பாப்வா சேகோலும், சுமையாளாயிருந்து தானே பயின்று, 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஒல்லாந்து ஓப்பன் போட்டியில் வாகை சூடினர்.

எம் ஊராகிய அடி அண்ணாமலை திருவண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையில் மலையின் மேல்பால் உள்ளது. 1989 வரை அது வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தினின்றும் எண்ணிறந்த தமிழர், கோலார் தங்கவயலுக்குச் சுரங்கத் தொழிலாளராகச் சென்றனர். 1880 இல் ஜான் டெயிலர் நிறுவனத்தார் தொடங்கிய அச்சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன. ஆங்கில அலுவலர் அங்கும் கோல்ப் களமொன்று அமைத்திருந்தனர். ஆதலின், பந்தும் கோலும் நம் பக்கத்தார் கண்ணுக்கு முற்றிலும் புதியனவல்ல. இன்றும் பெங்களூரிலும் சென்னையிலும் பணியாற்றித் திரும்புவோருள், களத்திற் புல் பேணியோ, சுமை தூக்கியோ, உடன்பணியாளரோடு பழகியோ இவ்வாட்டத்தில் விருப்பங் கொண்டார் இருத்தல் கூடும். அத்தகையானொருவன், மனைவியை இழந்து, ஆறு வயது மகளோடு அடி அண்ணாமலையில் வாழ்கின்றான் எனக் கொள்வோம். அவன் நிலையை வைத்தே மேற்கூறத்தகுவனவற்றைக் கூறுவாம்.

பண்டைத் தமிழ்நூல்கள் அவனுக்கு யாது கூறுகின்றன? சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தன் தேவி இறந்துழிப் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உளது. அதன்கண் கணவனது ஆற்றாமை உண்டு. குழவியைப் பற்றிய பேச்சில்லை. குழவியைப் பேணுதற்கு நற்றாயும் செவிலியுமே நம் அகப்பாட்டுக்களில் வருகின்றனர். ஈன்று காத்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் கடமையெனப் பகுத்தார் பொன்முடியார். தனித்தந்தைக்கோ அப்பகுப்பு இல்லை. இருவர் சுமையும் ஒருவன் தோளில் ஏறுகின்றது. தலைவாரிப் பின்னலிடுதலும் அவனே. சோறு வடித்தலும் அவனே. பள்ளிக்கு விடுத்தலும், நள்ளிரவிற் காய்ச்சல் கண்டுழி விழித்திருத்தலும் அவனே. இந்நிலையில் அவன் தனக்கென ஒரு நாழிகை விரும்பின், அது குற்றமாகுமோ? ஆகாது என்பதே எம் கருத்து. உள்ளம் வறண்ட தந்தையிடத்தினின்று மகவுக்கு மகிழ்ச்சி ஊறாது. ஆயினும், அந்நாழிகை எவருடையது, அதற்காகும் பொருள் எங்கிருந்து வருவது என்னும் இரண்டையும் அவன் நன்கு ஆய்ந்தறிதல் வேண்டும்.

முதற்கண் காலத்தைக் கணக்கிடுவோம். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். உறக்கத்திற்கு 56, ஆறு நாட்கள் ஒன்பது மணி வீதம் தொழிலுக்கும் போக்குவரவுக்குமாக 54, சமைத்தல், துவைத்தல் முதலிய மனைத்தொழிலுக்கு நாளொன்றுக்கு நான்கு மணியாக 28, மகளோடு அமர்ந்து பாடங் கேட்டலும் கதை சொல்லலும் உடன் உண்டலுமாக நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் 21, வழிபாட்டிற்கும் உறவினர் இல்லத்து நன்மை தீமைகட்கும் 5. இவற்றின் தொகை 164. எஞ்சுவன நான்கே மணி. இந்நான்கும் ஒரு முழு ஆட்டத்திற்கே சரியாகிவிடும். சென்னையோ திருவண்ணாமலையினின்று ஏறத்தாழ 190 கிலோமீட்டர்த் தொலைவினது. பேருந்திற் போக நான்கைந்து மணியும், வர நான்கைந்து மணியும் ஆகும். ஆகவே, களத்திற்குச் சென்று முழு ஆட்டம் ஆடுதற்கு ஒரு பகல் முழுதும் வேண்டும். வாரந்தோறும் அதனைச் செய்ய நினைப்பவன், உறக்கத்தையேனும் மகள் பங்கையேனும் திருடியே செய்தல் வேண்டும். மூன்று திங்கட்கு ஒருமுறை எனின், அது கூடும். எஞ்சிய வாரங்களில் அந்நான்கு மணியை, நாளொன்றுக்கு இருபது நிமிடமாக ஆறு நாட்களும், விடுமுறை நாளில் மகளோடு சேர்ந்து இரண்டு மணியுமாகப் பகுத்துக்கொள்ளலாம்.

அடுத்துப் பொருள். வலியறிதல் என்னும் அதிகாரத்தில், வரவின் அளவையும் செலவின் அளவையும் ஒப்பநோக்கி வாழும் நெறியை வள்ளுவர் வற்புறுத்தினர். அந்நெறியே இங்கு வேண்டுவது. தந்தைக்குத் திங்கள் வருவாய் 22,000 ரூபாய் எனக் கொள்வோம். உணவுக்கு 8,000; வாடகைக்கும் மின்விளக்கிற்கும் 4,500; பள்ளிக்கும் உடைக்கும் 3,000; மருந்துக்கு 1,500; போக்குவரவுக்கு 1,500; சேமிப்புக்கு 2,500. ஆக 21,000. எஞ்சுவது 1,000 ரூபாய். இதனை முழுதும் தன் ஆட்டத்திற்கே செலவிடுவானாயின் அவன் தந்தையாகான். இதனைச் சரிபாதியாக்கி, 500 ரூபாயை மகளின் விளையாட்டிற்கும், 500 ரூபாயைத் தன் விளையாட்டிற்கும் ஒதுக்குவானாயின், ஆண்டிற்கு 6,000 ரூபாய் அவன் கையிற் சேரும். அதற்குள்ளேயே கோல், பந்து, பேருந்துச் செலவு, களக்கட்டணம் யாவும் அடங்குதல் வேண்டும். அடங்காத ஆண்டில் களத்திற்குச் செல்லாது வீட்டிலேயே பயில்க. கடன் கொண்டு ஆடுதலும், சேமிப்பிற் கைவைத்தலும், பந்தயப் பணம் வைத்தலும் ஒருகாலும் ஆகா. பந்தயம் புகுந்தவிடத்து ஆட்டம் சூதாகிவிடும். சூதின் கேட்டை நாம் விரித்தல் மிகை.

கருவிகளின் விலை கண்டு அஞ்சுவார்க்கு ஒரு செய்தி கூறுவாம். ஒருவன் ஆட்டத்திற் கொண்டு செல்லத்தக்க கோல்கள் 14 என்பது விதி. அது 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்டது. பதினான்கென்பது மேல் எல்லையேயன்றிக் கட்டாயமன்று. 1916 இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வென்ற சிக் எவான்ஸ் என்பார் ஏழே கோல்களைக் கொண்டு ஆடினர். நாட்டின் தலைமை வீரர்க்கு ஏழு போதுமாயின், நம் தந்தைக்கு நான்கைந்து போதாவோ? பிறர் ஆடிக் கழித்த கோல்களை வாங்குதலும், தொலைந்து மீட்கப்பட்ட பந்துகளைக் கொள்ளுதலும் இழிவல்ல. கழக உறுப்பினராதற்கு வேண்டும் பெருந்தொகையை எண்ணியும் கலங்க வேண்டா. விருந்தினரிடம் நாட்கட்டணம் பெற்று இடமளிக்கும் களங்களும் உள. 18 குழி ஆடாது ஒன்பது குழியோடு நிற்றலும் ஆட்ட முறையே. 2020 இல் வந்த உலகப் பொது மதிப்பீட்டு முறை ஒன்பது குழிக் கணக்கையும் ஏற்றுக்கொள்கின்றது.

பயிற்சியோ அடி அண்ணாமலையிலேயே கூடும். ஆட்டத்தில் அடிக்கும் அடிகளுட் பல, குழியருகே பந்தை மெல்லத் தள்ளும் அடிகளேயாம். அதற்குப் பச்சைப் புல்வெளி வேண்டுவதில்லை. மெழுகிய முற்றமும், கவிழ்த்துச் சாய்த்த ஒரு பித்தளைக் குவளையும் போதும். நீண்ட அடியைப் பந்தின்றியே வீசிப் பழகலாம். கிரிவலப் பாதையிலும், மக்கள் நடமாடும் வெளியிலும், ஆடுமாடு மேயுந் தரிசிலும் பந்தைப் பறக்கவிடுதல் பெருந்தவறு. வன்மையாக அடிக்கப்பட்ட பந்து கல்லினுங் கொடியது. இனி, ஆட்டத்திற்கு வேண்டும் நடைப்பயிற்சிக்கு எம் ஊரினுஞ் சிறந்த இடம் யாண்டு உளது? மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர்; இஃது இரண்டு முழு ஆட்டங்களின் நடைக்கு ஏறத்தாழ நிகர். விடியற்காலையில், நிழல் மிகுந்த பகுதியில், மகளின் கைப்பற்றி ஒரு கூறு நடத்தலே உடற்கும் உள்ளத்திற்கும் பெருநலம் பயக்கும். காசு ஒன்றும் செலவில்லை.

மகளை விளையாட்டிற்கு இடையூறாக எண்ணாது, துணையாகக் கொள்ளுதலே சிறந்த வழி. 1913 இல், எளிய குடியிற் பிறந்த பிரான்சிஸ் வீமெட் என்னும் 20 வயதினர் அமெரிக்க ஓப்பன் போட்டியில் ஆங்கிலப் பெருவீரர் இருவரை வென்ற பொழுது, அவர் கோற்பையைச் சுமந்தவன் எட்டி லவரி என்னும் பத்து வயதுச் சிறுவன். அவன் பள்ளிக்குச் செல்லாது வந்தவனென்பர். அவ்வொன்றை நாம் பின்பற்ற வேண்டா! குவளையில் வீழ்ந்த பந்துகளை எண்ணுதலும், குறிப்பேட்டில் எழுதுதலும், தானும் ஒரு சிறுகோல் கொண்டு தள்ளிப் பார்த்தலும் ஆறு வயதுச் சிறுமிக்கு ஆட்டமும் ஆம். கணக்குப் பாடமும் ஆம். ஆயின், அவளுக்கு விருப்பம் பாண்டியாட்டத்திலாயின், தந்தை கோலை வைத்துவிட்டுக் கட்டத்துட் குதித்தல் வேண்டும். தன் விருப்பத்தை மகவின் தலைமேற் சுமத்துதல் அன்பாகாது.

தந்தை வெளியூர் செல்லும் நாளில் மகளை யார் காப்பது? அத்தையும் பாட்டியும் உளரன்றே என்பர். இங்கே ஒரு நீதி மறைந்து கிடக்கின்றது. நாள் முழுதும் உழைத்த உடன்பிறந்தாளின் ஓய்வைக் கவர்ந்து தான் விளையாடுதல், சுமையை இறக்குதலன்று. பிறிதொரு தோளுக்கு மாற்றுதலேயாம். தங்கை ஒரு நாள் தன் மகளைக் காத்தால், பிறிதொரு நாள் அவள் மக்களைத் தான் காத்து, அவளுக்கும் ஒரு விடுமுறை நல்குதல் முறை. செல்லும்பொழுது கைப்பேசியை அணைத்து வைத்தலும், இன்ன நேரத்தில் வருவேனென்று கூறித் தவறுதலும் ஆகா. தாயை இழந்த குழவிக்குக் 'குறித்த நேரத்தில் அப்பா வருவார்' என்னும் நம்பிக்கையே வீட்டின் நடுத்தூண். வடபெர்விக்கிற்கு வந்த தந்தியை ஈண்டு நினைவுகூர்க.

அரசும் தனித்தந்தையரை இக்காலத்தே கண்ணெடுத்துப் பார்த்துளது. முன்னர்ப் பெண்பாலார்க்கே உரித்தாயிருந்த குழந்தை பேணும் விடுப்பு, 2018 ஆம் ஆண்டு விதித்திருத்தத்தால், நடுவண் அரசுப் பணியிலுள்ள தனித்தந்தையர்க்கும் உரியதாயிற்று. மனைவியை இழந்தார், மணமுறிவுற்றார், மணவாதார் ஆகிய மூவகையாரும் அதனுள் அடங்குவர். பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாட்கள். முதல் 365 நாட்கட்கு முழு ஊதியம். பின்னைய 365 நாட்கட்கு நூற்றுக்கு 80 வீதம். ஆயின், அவ்விடுப்பு குழந்தைக்கே உரியது, கோலுக்கு உரியதன்று. மேலும், நாட்கூலிக்குக் கடை நடத்துவோனுக்கும் தானி ஓட்டுவோனுக்கும் அது எட்டாக்கனியே. அவர்க்கு உறவும் அண்டை அயலுமே விடுப்புத் தருவன.

'இத்துணை இடர்ப்பட்டு இவ்வாட்டத்தை ஏன் கொள்ளல் வேண்டும்? சதுரங்கம் ஆடலாகாதோ?' என்று வினவுவார்க்கு யாம் மறுமொழி பெரிதும் கூறவேண்டுவதில்லை. விருப்பம் பிறர் தேர்ந்து கொடுக்குந் துணியன்று. மனையாளொடு வாழ்ந்த நாளில் ஒருவன் விரும்பிய ஆட்டம், அவளை இழந்த பின்னரும் அவனைப் பழைய அவனாகவே அவனுக்குக் காட்டும் கண்ணாடியாதல் கூடும். அதனை முற்றும் உடைத்தெறிக என்றல் இரக்கமன்று. ஆயினும் நிறுத்துதற்குரிய காலத்தை அறிவிக்கும் குறிகள் சில உள. மகள் ஆட்ட நாளை அஞ்சத் தொடங்கினாலும், பள்ளிக் கட்டணம் ஒருமுறை தவணை தவறினாலும், செலவை ஒருவரிடம் மறைக்க வேண்டியதாயினாலும், அன்றே கோலை மூலையிற் சாத்திவிடுக. அது நிலையான துறவன்று. மகவு வளரும் வரை நெகிழ்த்து வைத்தலேயாம். கோல்ப் முதுமையினும் ஆடத்தக்க ஆட்டம். 60 வயதிலும் அதற்குக் காலமுண்டு. மகளின் ஆறாம் வயதோ ஒருமுறையே வருவது.

ஆகவே, காலத்தில் மகவின் பங்கை முதலில் எடுத்து வைத்து எஞ்சியதைத் தனக்காக்குதலும், பொருளில் மகவுக்கும் தனக்கும் ஒப்பப் பகுத்தலும், உதவிக்கு எதிருதவி செய்தலும், இயன்றவரை மகவையும் உடன்கொள்ளுதலும் ஆகிய இந்நான்கையும் கடைப்பிடிக்குந் தனித்தந்தை, கோல்ப் ஆட்டத்தையேனும் பிறிதோர் ஆட்டத்தையேனும் அச்சமின்றி மேற்கொள்ளலாம். நம் கல்லூரியினின்று வெளியேறி இல்லறம் புகுந்தாருள்ளும், புகவிருக்கும் எம்மனோருள்ளும், இந்நிலை எவர்க்கு எய்துமென யார் அறிவார்? எய்தினார் நம் தெருவில் இருப்பின், 'மனைவி இறந்தும் விளையாடுகின்றான் பார்' எனப் புறங்கூறாது, 'இன்று மாலை உம் மகள் எம் வீட்டில் இருக்கட்டும். நீர் சென்று வருக' என்று சொல்லுதலே நாம் செய்யத்தக்க சிறு உதவியாகும்.